வெலிக்கடைச் சிறையில் இருக்கும் மகனுக்கு

திருகோணமலை,
செவ்வாய்க்கிழமை இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் உன் பிள்ளையும் சுகம். போன மாதம் வெலிக்கடை வாசலில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். நீ வரவில்லை. "அவருக்கு வர விருப்பமில்லையாம், ஐயா" என்று அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் சொன்னார். சவர்க்காரத்தையும் பற்பசையையும் ஒப்படைத்துவிட்டு அன்றிரவு ரயிலிலேயே திரும்பினேன். கல் ஓயாச் சந்தியில் ரயில் நின்ற நேரம் முழுவதும் உன்மேல் கோபமாக இருந்தது. கந்தளாய் தாண்டும்போது அந்தக் கோபம் இல்லை. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்ததைத்தான் இப்போது எழுதப் பார்க்கிறேன். உனக்கு முன்பு வேறொருவர் இதைப் படிப்பார் என்று தெரியும். ஆகவே எழுதக்கூடியதை எழுதுகிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் கிழமை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மருமகளின் கொலை வழக்கு விவாதத்துக்கு வருகிறது. உன்னைப் புதுக்கடை நீதிமன்றத்துக்குக் கூட்டிவர மாட்டார்களாம், சிறையில் இருந்தே திரையில் காட்டுவார்களாம். சட்டத்தரணி அம்மா தன் எழுத்துமூலச் சமர்ப்பணத்தின் பிரதியை எனக்கும் அனுப்பியிருக்கிறார். 41 பக்கம், ஆங்கிலம். துறைமுகத்தில் 31 வருடம் கணக்கெழுதிய ஆங்கிலம் அதற்குப் போதுமாக இருந்தது. அடிமட்டத்தை வைத்து வரி வரியாகப் படித்தேன்.

கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. எட்டரைக்கு வாக்குவாதம் கேட்டதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னது, உடைக்கப்படாத கதவு, உன் வலது கையில் இருந்த கீறல், எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில் உயிர் போயிருக்கும் என்று சட்ட வைத்திய அதிகாரி சொன்ன நேரம், இவைதான் வழக்கு. எட்டே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்கியதாக நீயே சொன்னாய். பதினொன்று இருபதுக்கு எங்கள் வாசலில் நின்றாய். இடையில் இருந்த இரண்டரை மணி நேரத்துக்கு நீ பொலிஸாரிடம் கொடுத்தது "நடந்தேன்" என்ற ஒரு சொல். குற்றஞ்சாட்டப்பட்டவனாக எதிரிக் கூண்டில் நின்று சொன்னது அதைவிடவும் குறைவு.

சந்தர்ப்ப சாட்சியத்தைச் சங்கிலியாகப் பார்க்கக்கூடாது, வடமாகப் பார்க்க வேண்டும், ஒரு புரி அறுந்தாலும் மற்றப் புரிகள் தாங்கும் என்று அரச சட்டத்தரணி மேல் நீதிமன்றத்தில் சொன்னார். நினைவிருக்கும். வடம் எனக்குத் தெரியும் தம்பி. உள்ளே உக்கிப்போன புரியை வெளியே நின்று பார்த்தால் தெரியாது, முறுக்கைப் பிரிக்க வேண்டும். சட்டத்தரணி அம்மா அதைத்தான் செய்திருக்கிறார். 1943 இல் அபேவிக்கிரம வழக்கில் சொன்னதை முதலில் வைத்திருக்கிறார்: நிரூபிக்கப்பட்ட விடயங்கள் குற்றத்தோடு பொருந்தினால் மட்டும் போதாது, நிரபராதி என்ற நியாயமான விளக்கம் எதற்கும் இடம் இருக்கக்கூடாது. சந்தேகம் எவ்வளவு பெரிதானாலும் சந்தேகம்தான். இந்த வரியை நான் அம்மாவுக்குத் தமிழில் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

அந்த வடத்தில் ஒரு புரி நான் திரித்தது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் கையால் எழுத வேண்டும். நள்ளிரவில் பொலிஸார் படலையைத் தட்டி, மருமகள் இறந்துவிட்டாள் என்றார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே, "மகன் ஒன்பது மணியிலிருந்து இங்கேதான் இருக்கிறான்" என்றேன். ஒன்றரை வருடம் கழித்து நீதிமன்றத்தில் சத்தியம் செய்தும் அதையே சொன்னேன். அம்மாவின் மாத்திரை முடிந்துவிட்டது என்று சொல்ல உனக்குப் பத்து மணி பத்து நிமிடத்துக்கு நான் எடுத்த அழைப்பைத் தொலைபேசிப் பட்டியலில் காட்டி, "முன்னால் உட்கார்ந்திருந்த மகனுக்கு ஏன் அழைப்பு எடுத்தீர்கள்?" என்று கேட்டார்கள். கப்பல் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு நிமிடம் பிசகாமல் எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். வாய் திறக்க முடியாமல் நின்றேன். மறைக்க வேண்டிய ஏதோ இருந்தபடியால்தான் தகப்பன் பொய் சொன்னார் என்று தீர்ப்பில் எழுதப்பட்டது. தகப்பனின் பொய்யை மகனின் கணக்கில் எழுதக்கூடாது என்று சட்டத்தரணி அம்மா நான்கு பக்கம் வாதாடியிருக்கிறார். அந்த நான்கு பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிட்டேன்.

இப்போது உன் மௌனத்துக்கு வருகிறேன். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவனுக்கு மட்டும் விசேடமாகத் தெரிந்த விடயத்தை அவன்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது. அதோடு எலன்பரோ பிரபு என்ற ஆங்கில நீதிபதியின் கூற்று ஒன்றையும் சேர்க்கிறார்கள்: பலமான வழக்கு எதிரே நிற்கும்போது, விளக்கம் சொல்லக்கூடியவன் சொல்லாமல் இருந்தால், சொன்னால் தனக்குப் பாதகம் என்பதால்தான் இருக்கிறான். அது 1814 இல் கொக்ரேன் என்ற கடற்படைத் தளபதிக்கு எதிரான பங்குச் சந்தை மோசடி வழக்கில் சொல்லப்பட்டது. அதே கொக்ரேனுக்கு 1832 இல் மன்னிப்புக் கிடைத்தது. பதினெட்டு வருடம்! அந்தக் கூற்று இன்றும் எங்கள் பிள்ளைகளின் கழுத்தில் விழுகிறது. பேசாமல் இருப்பது எதிரியின் உரிமை, அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையும் குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்றுதான் சொல்கிறது என்று சட்டத்தரணி அம்மா வாதாடுவார். வாதாடட்டும். ஆனால் நீ அவரிடமாவது பேசு. அந்த இரண்டரை மணி நேரம் எங்கே இருந்தாய் என்று சட்டத்தரணியிடம் சொல்.

எனக்குச் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கும் சொல்ல வேண்டாம். வெட்கப்படக்கூடிய இடமாக இருந்தாலும், இன்னொருவரின் பெயர் கெடும் என்றிருந்தாலும், சட்டத்தரணியிடம் சொல்வது வெளியே போகாது. மேன்முறையீட்டிலும் புதிய சாட்சியத்தை ஏற்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டாம், 139ஆம் உறுப்புரை. ஒடுங்கிய வாசல், எளிதில் திறக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். ஒடுங்கியதாக இருந்தாலும் வாசல்.

கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் ஆட்டத்தைப் பற்றி உன் தாத்தா ஓயாமல் சொல்வார். 1947 இல் சேப்பாக்கத்தில் அடித்த 215 ஓட்டங்கள், பிறகு 1951 இல் மனைவியைக் கொன்றதாகப் பிடிபட்டது. நாடே அவர்தான் செய்தார் என்று பேசியது. அந்த வழக்கும் உயிர் போன நேரத்தில்தான் நின்றது. அவருடைய சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா அந்த நேரத்தைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார், 1953 இல் ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். எங்களிடம் கொல்வின் இல்லை. ஆனால் நேரத்தைப் பற்றி நிற்கிற வழக்குத்தான் இதுவும். சட்டத்தரணியிடம் சொல், தம்பி.

பிள்ளை நாலாம் வகுப்பு. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. கணக்கு நன்றாக வருகிறது, கையெழுத்து உன்னைப்போல் கோணல். வீட்டுக்கு வர்ணம் அடிக்க வேண்டும், கிணற்றுக் கப்பி உடைந்துவிட்டது, வேறு புதினம் இல்லை.

மூதூரில் இருந்து சம்பந்தி போன கிழமை பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு வந்திருந்தார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். கன்னியாவில் மருமகளின் அந்தியேட்டிக் கிரியை நடந்த நாளில் தூரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தேன். வெந்நீரூற்றுக் கிணற்றில் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் எங்கள் வீட்டில் ஏழு வருடம் விளக்கேற்றிய பிள்ளை. உன் வழக்கைப் பற்றி ஓடித் திரிந்ததில் அவளுக்காக நான் இருந்து அழவில்லை. மேன்முறையீடு வென்றாலும் அவள் வரப்போவதில்லை, அவளை யார் கொன்றது என்ற கேள்வியும் போகப்போவதில்லை. இதை நீ மனதில் வைத்திருக்க வேண்டும்.

நீ சின்ன வயதிலேயே இப்படித்தான். 2004 மார்கழியில் கடல் வந்த அன்று திருக்கடலூரில் இருந்து ஒரு கிழவியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாய் என்று நாங்கள் இரண்டு மாதம் கழித்து அந்தக் கிழவி வாழைப்பழச் சீப்போடு வந்தபோதுதான் அறிந்தோம். உனக்கு அப்போது பதினேழு வயது. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னேன். உன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நல்லதைச் செய்தாலும் சொல்லாதவன், கெட்டதைச் செய்தாலும் சொல்லமாட்டான் என்று உலகம் நினைக்கும் என்று உனக்குத் தெரியாதா? படித்தவன்தானே!

தம்பி, கந்தளாய்க்குப் பிறகு எனக்கு வந்ததை எழுதுகிறேன். படிக்கிற உத்தியோகத்தர் படித்துக்கொள்ளட்டும்.

பொலிஸார் கேட்பதற்கு முன்பே நான் ஏன் பொய் சொன்னேன்? உன்னைக் காப்பாற்ற என்று இவ்வளவு காலம் எல்லோருக்கும் சொன்னேன், எனக்கும் சொன்னேன். மகன் செய்திருக்க மாட்டான் என்று நம்புகிற தகப்பன், "எழும்பி வா தம்பி, எங்கே இருந்தாய் என்று சொல்லு" என்று உன்னை முன்னால் நிறுத்தியிருப்பான். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கணத்தில் நீதான் செய்தாய் என்று நம்பினேன். எந்த நீதிபதியும் சொல்வதற்கு முன்பு, எந்தச் சாட்சியும் இல்லாமல், உன்னைப் பெற்றவன் உன்னைக் குற்றவாளி என்று தீர்த்துவிட்டேன். அதுதான் என் பொய். ஒன்பது மணி என்றது அதற்குப் பிறகு வந்தது.

நீ உள்ளே என் முகத்தைப் பார்த்தாய். அன்றே உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் பேசாமல் இருக்கிறாயா?

இன்னும் ஒன்று இருக்கிறது. பதினொன்று இருபதுக்கு நீ வந்து நின்றபோது உன்னில் நான் ஒன்றைக் கண்டேன். உனக்கு எதிரானது என்று நினைத்து, விடியுமுன் என் கையாலேயே அதை இல்லாமல் செய்தேன். 41 பக்கத்தையும் படித்து முடித்த இரவில்தான், அது உன் பக்கத்தில் நிற்கக்கூடியது என்று தோன்றியது. அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால், அதற்குப் பிறகு நீ சொல்வது எதுவும் நான் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். கண்டதைத் திகதி போட்டு, கையொப்பமிட்டு, உறையில் ஒட்டிச் சட்டத்தரணி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ உன் வாயால் சொன்ன பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவை பொய் சொன்னவனின் தாளுக்கு எவ்வளவு பெறுமதி இருக்கும் என்று அவரும் சொன்னார். நீ சொல்வதும் நான் எழுதியதும் ஒத்துவந்தால் ஏதோ பெறுமதி இருக்கும். ஒத்துவராவிட்டால் எனக்கும் ஒன்று தெரிந்துவிடும். அதற்கும் நான் ஆயத்தமாகத்தான் அந்த உறையை ஒட்டினேன். உன்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்வியை இப்படித்தான் என்னால் கேட்க முடிகிறது.

1976 க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரையும் தூக்கிலிடவில்லை என்று உன் மாமா ஆறுதல் சொல்கிறார். தூக்கில்லாமல் அந்தச் சுவருக்குள் கிழவனாவது எனக்கு ஆறுதலாகத் தெரியவில்லை.

போன முறை வரும்போது பிள்ளை ஒரு படம் கீறித் தந்துவிட்டாள். கோட்டை வாசலில் நிற்கிற மான்கள், ஒரு மானுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாள், அது நீயாம். "அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டாள். சிரித்தார் என்றேன். அந்தப் படம் இன்னும் என் பையில் மடித்தபடி இருக்கிறது.

வியாழக்கிழமை இரவு ரயிலில் வருகிறேன். வெள்ளி காலை வாசலில் நிற்பேன். பெயர் கூப்பிடும்போது வெளியே வா.

அன்புள்ள,
அப்பா