காலியிடம் ஏன் தீர்வதே இல்லை?

ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கான உங்கள் வழிகாட்டி இதழில் நர்சிங் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். சென்னையில் நர்சிங் படித்தவருக்கு வேலை இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பொய்யில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் மருத்துவமனைகளில் எந்த மாதம் போய்க் கேட்டாலும் ஸ்டாஃப் நர்ஸ் தேவைதான். ஆனால் ஒரு கடையில் வருஷம் பூராவும் 'ஆள் தேவை' அட்டை தொங்கினால் நாம் என்ன நினைப்போம்? வியாபாரம் கொழிக்கிறது என்றா, அங்கே எவரும் நிலைப்பதில்லை என்றா?

அரசு மருத்துவமனையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டு மாடியில் மூன்று நர்சுகள் குடியிருக்கிறார்கள். அரியலூர், திருவண்ணாமலை, தென்காசிப் பக்கத்துப் பெண்கள். மூவரும் பி.எஸ்சி. நர்சிங். கட்டில் இரண்டுதான். 'யாராவது ஒருத்தி எப்பவும் நைட் டியூட்டியிலதான் இருப்போம் சிஸ்டர், ரெண்டு போதும்' என்றார்கள். (வீட்டுக்காரம்மா என்று அவர்கள் என்னைக் கூப்பிட்டதே இல்லை.)

போன வாரம் அரியலூர்ப் பெண் காலை ஒன்பதரைக்கு வந்தாள். எட்டு மணிக்கே முடிந்திருக்க வேண்டிய டியூட்டி. கேட்டைத் திறந்தபோது அவள் இடது உள்ளங்கையைப் பார்த்தேன். நீல மையில் படுக்கை எண்களோடு '7 பிபி, 11 சுகர், 14 டிரிப்ஸ் 5 மணி' என்று அழியாமல் கிடந்தது. எத்தனை பேஷண்ட் என்று கேட்டேன். 'பதினாறு. கூட வரவேண்டியவ லீவு.' இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு, பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ்; போதனா மருத்துவமனை என்றால் மூன்றுக்கு ஒருவர். எங்கள் காலத்திலும் இந்தக் கணக்கு ஒப்பேறியதில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் ஊசி போட்டோம். ஆனால் எனக்கு வருஷம் தவறாமல் இன்கிரிமென்ட் வந்தது, பிரசவ விடுப்பு கிடைத்தது, இப்போது பென்ஷன் வருகிறது. தறிக்காரர் மகளான நான் சென்னையில் வீடு கட்டியது அதனால்தான். இந்தப் பெண் வென்டிலேட்டரைக் கையாளுகிற லாகவம் எனக்கு வந்ததே இல்லை. மூன்று வருஷ அனுபவத்துக்குப் பிறகு அவள் கையில் வருவது 19,000.

அவள் வேலை பார்ப்பது இருநூறு படுக்கைக்கு மேல் உள்ள இடம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, அந்த அளவுள்ள தனியார் மருத்துவமனைகள் மாநில அரசு நர்சுக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐம்பது படுக்கைக்குக் கீழே உள்ள சிறிய இடத்தில்கூட 20,000க்குக் குறையக் கூடாதாம். அதைச் சொன்னால் மாடியில் மூவரும் சிரிக்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் நர்சுகள் போராடி, 2018இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையிலேயே ஏற்றினார்கள்.

அரசு வேலைக்கு முயலலாமே என்பீர்கள். முயல்கிறார்கள். ஆனால் எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி உள்ளே போனாலும் முதலில் ஒப்பந்த நர்ஸ்தான். 2015இல் அப்படிச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 7,700. நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவத் துறை இயக்குநரக) வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்ததை உங்கள் பத்திரிகையும்தான் படத்துடன் போட்டது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வில் தேறினால் அடிப்படைச் சம்பளமே 44,900. உருப்படியான வழி அது. உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று. வேலையில் சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்கிற மருத்துவமனைகள் இன்னமும் இருக்கின்றன. தென்காசிப் பெண் முன்பு வேலை பார்த்த இடத்தில் இரண்டு வருஷம் விலக மாட்டேன் என்று பாண்டு. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் பாதியில் விட்டாள். சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்க 50,000 கட்டினாள், அம்மாவின் வளையலை அடகு வைத்து. நோயாளியைக் கைவிடக் கூடாது என்று பாடம் நடத்துகிற தொழிலில், அப்பாவைப் பார்க்கப் போனதற்கு அபராதம்.

இப்போது மாலையானால் மாடியில் 'டெர், டி, தாஸ்' என்று ஜெர்மன் பாடம் ஓடுகிறது. பி2 என்கிற மொழித் தேர்ச்சி நிலை வரை முடித்தால் ஜெர்மனிக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஃபீஸ் கட்டுகிறார்கள். போகட்டும், நன்றாக இருக்கட்டும். அவர்கள் போன மறு வாரம் அதே மருத்துவமனை உங்கள் ஞாயிறு இதழில் 'ஸ்டாஃப் நர்ஸ் தேவை' என்று விளம்பரம் கொடுக்கும். அதையும் சேர்த்துத்தான் 'வேலைவாய்ப்பு பெருகுகிறது' என்று எண்ணுகிறோம்.

பிள்ளையை நர்சிங்கில் சேர்க்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என்னை ஆளாக்கிய தொழில் அது. ஆனால் நாலு வருஷத்துக்குக் கடன் வாங்கிக் கட்டப்போகும் பெற்றோருக்கு, கையில் எவ்வளவு வரும், ஒரு நைட்டில் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும், சர்டிபிகேட் யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். அடுத்த வருஷ இதழுக்கு முன்னால் உங்கள் நிருபரை அனுப்பினால் மூவரும் பேசத் தயார். மாலை நாலு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். அதுவரை ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
அரும்பாக்கம், சென்னை.