பழைய பம்ப் பிஸ்டலை ஒதுக்கிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். சென்ற ஆண்டு இணைப்பாட நடவடிக்கையாகத் துப்பாக்கி சுடுதலைத் தேர்ந்தெடுத்தாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றதைப் பார்த்ததிலிருந்தே அவளுக்கு இந்த ஆசை. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம் சிங்கப்பூரின் டியோ ஷுன் சியே இதே பிரிவில் தங்கம் வென்றிருக்கிறார் என்பதை எனக்குச் சொன்னதும் அவள்தான். துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே என் மனைவிக்குப் பயம். மகளின் பயிற்சியை ஒரு நாள் நேரில் பார்த்த பிறகுதான் அந்தப் பயம் போனது. அத்தனை அமைதியான இடத்தை நான் வேறெந்த விளையாட்டிலும் கண்டதில்லை.

சிக்கல் பணத்தில் வந்தது. வாரயிறுதிப் பயிற்சிக்காக ஒரு கிளப்பில் சேர்த்தோம். சிலிண்டர் பொருத்திய ஜெர்மன் பிஸ்டல் இல்லாவிட்டால் பிள்ளை முன்னேறாது என்று அங்கு ஒருவர் உறுதியாகச் சொன்னார். விலையையும் சொன்னார்: 3,000 வெள்ளியை நெருங்கியது. எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். இதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள், வீட்டுக்கு வரும் வழியில், “பரவாயில்லப்பா, நான் வேற எதிலயாவது சேர்ந்துக்குறேன்” என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் 26 ஆண்டுகளாகக் காற்றழுத்த இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். வால்வும், காற்று கசியாமல் அடைக்கும் சீலும் ஓ-ரிங்கும்தான் என் பிழைப்பு. அதனால் இந்தப் பிஸ்டல்கள் எப்படி வேலை செய்கின்றன என்று விசாரிக்கத் தொடங்கினேன். சிலிண்டர் வகையில் அழுத்தக்காற்றை முன்கூட்டியே நிரப்பி வைக்கிறார்கள். அந்தச் சிலிண்டருக்கு அதிகபட்சம் 10 ஆண்டு ஆயுள். தேதி முடிந்துவிட்டால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். பம்ப் வகையில் சிலிண்டரே கிடையாது. நெம்புகோலை ஒருமுறை முழுதாகத் திறந்து மூடினால், ஒரு குண்டுக்குத் தேவையான காற்று உள்ளே அழுத்தப்பட்டுவிடும். ஒவ்வொரு முறையும் அதே அறை, அதே அளவு காற்று. ஆகவே முதல் குண்டும் அறுபதாவது குண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். அதிர்வும் மிகக் குறைவு. அழுத்தக்காற்றுச் சிலிண்டர் வருவதற்கு முன்பு பெரிய போட்டிகளிலும் இந்த வகை பயன்பட்டது.

எங்கள் கிளப்பின் ஆயுத அறையில் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் தயாரான ஓர் ‘இஷ்-46எம்’ பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காற்று கசிகிறது என்று யாரோ ஒதுக்கி வைத்தது. கிளப்பின் அனுமதியோடு, அங்குள்ள துப்பாக்கி மெக்கானிக் அதைப் பிரித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் நினைத்ததுதான்: சீல் காய்ந்து இறுகிப்போயிருந்தது. வேறு கோளாறு எதுவும் இல்லை. புதிய சீல் போட்டு, சோதித்து, மகளின் கையில் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. இதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். பிஸ்டலின் விலையைவிடப் பிடி கைக்குப் பொருந்துவதுதான் பெரிது. அந்த மரப்பிடி வளர்ந்த ஆணின் கைக்குச் செய்தது. மகளின் விரல், சுடுவதற்கு இழுக்கும் விசையை (டிரிகரை) நுனியால்கூடச் சரியாக எட்டவில்லை. மெக்கானிக் பிடியின் உள்பக்கத்தை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார், உள்ளங்கை நடுவில் இடைவெளி இருந்த இடத்தில் மரத்துக்குப் பூசும் பசையை (வுட் பட்டி) வைத்து நிரப்பினார். கையின் கீழ்ப்பகுதி உட்காரும் பலகையை மேலே ஏற்றினார். பிடி கையைத் தாண்டி மணிக்கட்டைத் தொடக்கூடாது என்பது போட்டி விதி. அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். ஒவ்வொரு முறை தேய்த்த பிறகும் மகளைக் கண்ணை மூடி, கையைக் கீழிருந்து உயர்த்தி, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்வார். குறிபார்ப்பதற்காகப் பிஸ்டலின் முனையில் உள்ள முன்குறி, பின்பக்கம் உள்ள பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில் தானாக நிற்க வேண்டும். இடமோ வலமோ சாய்ந்திருந்தால் மறுபடியும் உப்புத்தாள். நான்கு சனிக்கிழமைகள் ஆயின. செலவு, சீலையும் சேர்த்து 60 வெள்ளிக்குள். பழைய பிடியைக் கெடுக்க வேண்டாம் என்று அதை எடுத்து வைத்துவிட்டு, கிளப்பில் உபரியாகக் கிடந்த இன்னொரு பிடியில்தான் இத்தனையும் செய்தோம்.

அடுத்து விசை. குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது உலகப் போட்டிகளின் விதி. போட்டிக்கு முன் எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அதற்குச் சற்று மேலே வைத்தோம். விசைத்தகட்டை மகளின் விரல் நீளத்துக்கு ஏற்பப் பின்னால் நகர்த்தினோம். அவ்வளவுதான் மாற்றம். வேகத்தைக் கூட்டும் வழிகளை இணையத்தில் பலர் காட்டுகிறார்கள். 10 மீட்டரில் காகிதத்தைத் துளைக்க இருக்கும் வேகமே தாராளம். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதில் படுவது கையின் நிதானத்தால், வேகத்தால் அல்ல. கூடுதல் அழுத்தத்தால் சீலும் நெம்புகோலும்தான் சீக்கிரம் போகும். இதை என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நெம்புகோல் கனமானது. ஒரு போட்டிக்கு 60 குண்டு, 75 நிமிடம். அதற்குமுன் பழகிப்பார்க்கும் குண்டுகள் வேறு. தொடக்கத்தில் மகளுக்கு நாற்பதாவது குண்டிலேயே தோள் நடுங்கியது. சுடும் கைக்குச் சுமை ஏறாதபடி இடது கையால் இழுத்து மூடப் பயிற்றுநர் கற்றுக்கொடுத்தார். இப்போது சமாளிக்கிறாள். இந்தப் பிஸ்டலில் பம்ப் செய்யாமலே விசையை மட்டும் ஏற்றி, குண்டில்லாமல் பயிற்சி செய்யலாம். அவள் பயிற்சியில் பாதி அப்படித்தான். ஆறு மாதங்களில் அவளுடைய புள்ளிகள் நன்றாகவே உயர்ந்துள்ளன. நாளை தேசிய அளவுக்குப் போனால் சிலிண்டர் பிஸ்டல் தேவைப்படலாம். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். திருச்சியில் இருக்கும் என் மச்சான் விஷயத்தைக் கேள்விப்பட்டு, “மாப்ளே, இங்க கடையிலயே கிடைக்குது, நான் வாங்கிட்டு வந்து தர்றேன்” என்றார். இந்தியாவில் 4.5 மில்லிமீட்டர் அளவும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. இங்கே நிலைமை வேறு. உரிமமில்லாமல் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம், அது பம்ப் பிஸ்டலானாலும் சரி. இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்டர் செய்வதும் அப்படியே. மச்சானிடம் கோபிக்காமல் எடுத்துச் சொன்னேன். மகளின் பிஸ்டல் இன்றுவரை கிளப்பின் பூட்டிய அறையில்தான் இருக்கிறது. பிடியைத் தேய்த்த நாள்களில் அந்த மரத்துண்டைக்கூட நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

பள்ளிகளுக்கும் கிளப்புகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஆயுத அறைகளில் ஒதுங்கிக் கிடக்கும் பம்ப் பிஸ்டல்களைக் கழித்துவிடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் சீல்தான் போயிருக்கும். சிறிய, நடுத்தர, பெரிய அளவில் இரண்டு மூன்று பிடிகளைச் செய்து வைத்தால், புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டுகளை அவற்றிலேயே ஓட்டிவிடலாம். பெற்றோரிடம் முதல் நாளே ஆயிரக்கணக்கில் விலை சொல்லாதீர்கள். விலை கேட்டு விலகிப்போன பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்களோ என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் மகளின் கை வளர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு இந்தப் பிடி அவளுக்குச் சிறியதாகிவிடும். அப்போது அதை கிளப்பில் புதிதாக வரும் உயர்நிலை ஒன்று மாணவிக்குக் கொடுக்க மெக்கானிக்கிடம் பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்