வெளிமானுக்கு வெளி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடியக்கரைக்கு வலசை வரும் பறவைகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பூநாரைப் படங்கள் அவ்வளவு அழகு. வேதாரண்யத்துக்காரன் என்பதால், படங்களில் வராத புல்வெளியைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது.

1967-இல் கோடியக்கரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதே முக்கியமாக வெளிமானுக்காகத்தான். பெயரிலேயே வெளி இருக்கிறது. புதருக்குள் ஒளிந்து பிழைக்கிற மான் இல்லை இது. ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிப் பிழைக்கிற மான். அந்த வெளியைத்தான் சீமைக் கருவேலம் வருஷா வருஷம் அடைத்துக்கொண்டு வருகிறது. கோடையில் புல் காய்ந்துவிட்டால் மான்கள் அதன் நெற்றைத் தின்கின்றன. பாதை ஓரத்தில் கிடந்த காய்ந்த புழுக்கை ஒன்றைக் குச்சியால் உடைத்துப் பார்த்தேன். விதை அரைபடாமல் முழுசாக இருந்தது. அப்புறம் ஐப்பசி மழைக்குப் போனபோது அங்கே விரல் நீளத்துக்குக் கன்றுகள் நின்றன. இங்கே திரியும் குதிரைகளும் ஆடுமாடுகளும் இதே வேலையைச் செய்கின்றன.

மரத்தை மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கே தூரிலிருந்து தழைத்துவிடும். வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் முளைக்கும் கன்றுகளை, மண் ஈரமாக இருக்கும்போதே, அடுத்தடுத்த வருஷங்களிலும் கையால் பிடுங்க வேண்டும். அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-இல் கொள்கையே வகுத்திருக்கிறது. தொடர்ந்து வேலை நடக்கப் பணமும் ஆளும் வேண்டும். கோடியக்கரை, கோடியக்காடு மக்களுக்கே அந்தக் கூலி வேலையைக் கொடுக்கலாம். எது கருவேலங்கன்று, எது நம்மூர்ச் செடி என்று அவர்களுக்குத் தெரியும்.

காலியாகக் கிடக்கிறதே என்று புல்வெளியில் மரக்கன்று நடவும் வேண்டாம். நட ஆசைப்படுபவர்கள் 2018 கஜா புயலில் மரங்கள் சாய்ந்த காட்டுப் பகுதியில் வனத்துறையைக் கேட்டுக்கொண்டு பாலை மரக்கன்றுகளை நடட்டும். சோழமண்டலக் கரையோரம் இருந்த உலர் பசுமைமாறாக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது துண்டுதுண்டாகத்தான். அதில் பெரிய துண்டு எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறது. பாலைப்பழம் தின்று உதடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ள வீடு திரும்பிய பிள்ளைகள் நாங்கள். பாலை மெதுவாகத்தான் வளரும். இப்போதே நட்டால்தான் உண்டு.

இந்தப் புல்வெளியைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். மழை ஓய்ந்த தை மாதத்தில் உங்கள் நிருபர் வந்தால் நானே கூட வந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
வேதாரண்யம்.