காசிமேட்டு அண்ணனுக்கு, எர்லாங்கனிலிருந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ, அண்ணி, பசங்க எல்லோரும் சௌக்கியமா? அம்மாவுக்கு முட்டி வலி குறைந்ததா? போனில் நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். பீர் என்று காதில் விழுந்தாலே அம்மாவுக்கு நைனா ஞாபகம் வந்துவிடும், உனக்கே தெரியும். "ஜெர்மன்காரனுக்கு பீர்னா ஏன் இவ்ளோ பெருமை?" என்று கேட்டாய் அல்லவா? பொறுமையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் பீரை வளர்த்ததே ஐஸ்தான். நீ ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துபோய், உப்புத் தண்ணித் தொட்டியிலிருந்து ஐஸ் பாரைத் தூக்கி, உடைத்து லாஞ்சுக்கு ஏற்றுகிறாயே, அதே ஐஸ்.

இங்கே அதிகம் குடிப்பது லாகர் வகை பீர். அதைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்குக் குளிர் வேண்டும். எட்டு பத்து டிகிரியில் ஒரு வாரம் வேலை செய்யும். அப்புறம் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் சும்மா கிடக்க வேண்டும். வெயில் காலத்தில் காய்ச்சினால் கெட்டுப்போகும் என்பதால், 1553இல் பவேரியாவை (எர்லாங்கன் இப்போது இருக்கிற மாநிலம்) ஆண்ட ஐந்தாம் ஆல்பிரெக்ட் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். ஆக, குளிர்காலத்தில் காய்ச்சியதைக் கோடை முழுக்கப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். குன்றுகளைக் குடைந்து சுரங்கம் வெட்டினார்கள். உறைந்த குளங்களில் ரம்பத்தால் ஐஸ் அறுத்து வண்டியில் ஏற்றி உள்ளே அடுக்கினார்கள். குளம் பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உயரமான மரச்சட்டம் கட்டி, கடுங்குளிர் ராத்திரியில் அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். காலையில் சட்டம் முழுக்க ஐஸ் விழுதுகள் தொங்கும். அதைத் தட்டி எடுத்துச் சுரங்கத்தில் போட்டார்கள். நான் சர்வீஸுக்குப் போன ஒரு ப்ரூவரியில் (பீர் காய்ச்சும் ஆலை) அந்தச் சட்டத்தின் பழைய போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. பார்த்ததும் உன் நினைப்புதான்.

இந்தக் கஷ்டத்தை மாற்றியவர் கார்ல் லிண்டெ. இங்கிருந்து வடக்கே பெர்ன்டோர்ஃப் என்ற கிராமத்தில் 1842இல் பிறந்தவர். 1870களில் முனிச்சின் ஸ்பாட்டன் ப்ரூவரிக்காரரான கேப்ரியேல் ஸெட்ல்மயர் துணை நிற்க, குளிரூட்டும் மெஷினைச் செய்து காட்டினார். முதலில் வேறு வாயுவை வைத்துப் பார்த்து, பிறகு அமோனியாவுக்கு வந்தார். ஆமாம், உங்கள் ஐஸ் கம்பெனியில் கண்ணை எரிக்கிற அதே அமோனியாதான். மீனுக்கு முன்னால் அந்த மெஷின் பீருக்கு வேலை செய்தது. இன்னொன்று கேள். லிண்டெயிடம் படித்து, பாரிசில் அவருடைய ஐஸ் மெஷின் தொழிலில் வேலை பார்த்தவர்தான் ருடால்ஃப் டீசல். பிறகு அவர் ஆக்ஸ்பர்க்கில் செய்த இன்ஜின்தான் நைனா ஓட்டிய லாஞ்சில் இருந்த இன்ஜினுக்கு மூலம். காசிமேட்டுத் துறைமுகத்தில் ஐஸும் டீசலும் பக்கத்தில் பக்கத்தில் ஏறுகின்றன. ரெண்டுமே ஒரு வாத்தியாரிடமிருந்து வந்தவை. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை அண்ணா.

என் வேலையும் இதில்தான் ஓடுகிறது. எங்கள் கம்பெனி சின்னச் சின்ன ப்ரூவரிகளுக்குக் கூலிங் லைன் பார்த்துக் கொடுக்கிறது. சின்னது என்றால் நிஜமாகவே சின்னது. அப்பா காய்ச்சுவார், மகள் கணக்குப் பார்ப்பாள், வாசலிலேயே விற்பனை. பிரான்கோனியா என்கிற இந்தப் பகுதியில் இப்படி எத்தனையோ. சுமார் 1300 பேர் வாழ்கிற ஆஃப்ஸெஸ் என்ற ஊர், நாலு ப்ரூவரி இருந்ததால் கின்னஸ் புத்தகத்திலேயே இடம் பிடித்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வயல் வழியாக நடந்தே போகிறார்கள். ஒரு நாள் நடை. நானும் போனேன். நாலிலும் நாலு ருசி.

ஆனால் என் மனசில் நிற்பது கிழக்கே, செக் எல்லைப் பக்கம் இருக்கிற சொய்கல் என்ற பீர் வழக்கம். விண்டிஷெஷன்பாக், நொய்ஹவுஸ், ஃபால்கன்பெர்க் மாதிரி சில ஊர்களில் ஊருக்குப் பொதுவாக ஒரு காய்ச்சும் வீடு உண்டு. வீட்டுக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். விறகு போட்டுக் கொப்பரையை எரிக்கிறார்கள். மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின் சாறை, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, அகலமான தட்டைத் தொட்டியில் ராத்திரி முழுக்க ஆறவிடுகிறார்கள். விடிந்ததும் அவரவர் பங்கை வண்டியில் ஏற்றி வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஒரே கொப்பரைச் சாறுதான், ஆனால் வீட்டுக்கு வீடு ருசி மாறுகிறது. பீர் தயாரானதும் வாசலில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அதைப் பார்த்து ஊர் வந்து உட்காரும். கூடத்தில் நீள மேசை. யார் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டும். என்னை எந்த ஊர் என்று கேட்டார்கள். கடல், லாஞ்சு, ஐஸ் கம்பெனி எல்லாம் சொன்னேன். ஒரு கிழவர் ஐஸ் பார் எத்தனை கிலோ இருக்கும், எப்படித் தூக்குவீர்கள் என்று விடாமல் விசாரித்தார். அவரும் சின்ன வயதில் குளத்து ஐஸ் அறுக்கப் போனவராம்.

பாம்பெர்க்கையும் சொல்ல வேண்டும். ரயிலில் பக்கம்தான். அங்கே ஷ்லெங்கர்லா என்ற பழைய ப்ரூவரியில் மால்ட்டை பீச் (beech) மரத் தீயில், புகை படும்படி காயவைக்கிறார்கள். பீரே புகை மணக்கும். பழகினால்தான் பிடிக்கும் என்று உள்ளூர்க்காரர்களே சொல்வார்கள். எனக்கு முதல் வாயிலேயே பிடித்தது. ஆயா விறகடுப்பில் கருவாடு சுடும்போது வீடு முழுக்கச் சுற்றுமே, அந்த வாசனை. ஜெர்மன்காரர்கள் பன்றிக்கறி வாசனை என்கிறார்கள். எனக்கு அது நம்ம வீடுதான்.

அக்டோபர்ஃபெஸ்ட் பற்றி நீ டிவியில் பார்த்திருப்பாய். 1810இல் இளவரசர் கல்யாணத்தை ஒட்டி ஆரம்பித்தது. அங்கே முனிச்சின் ஆறு பெரிய ப்ரூவரிகளின் பீர்தான் கிடைக்கும். பிரம்மாண்டம்தான், ஆனால் எனக்கு எங்கள் எர்லாங்கன் திருவிழா போதும். 1755 முதல் நடக்கிறது. பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டிப் பன்னிரண்டு நாள். பழைய பீர் சுரங்கங்கள் இருக்கிற குன்றின் சரிவில்தான் மேசைகள். சுரங்கம் சூடாகக் கூடாது என்று அந்தக் காலத்தில் மேலே நட்ட மரங்களின் நிழலில்தான் இன்றைக்கும் ஜனங்கள் உட்காருகிறார்கள். ராட்டினம், கடைகள், கல் ஜாடியில் ஒரு லிட்டர் பீர். மேயர் பீப்பாயைத் திறந்து வைப்பார். கடைசி நாள் ஒரு பீப்பாயைப் பாடிக்கொண்டே புதைப்பார்கள். ராயபுரம் பேதுரு கோயில் திருவிழாவுக்கு நாம் கூட்டமாகப் போவோமே, அந்தச் சந்தோஷம் எனக்கு இங்கே கிடைத்தது. இங்கேயும் ராத்திரி ஆனால் நிதானம் தப்புகிறவர்கள் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் வருகிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. பீர் வாங்க இங்கே பதினாறு வயதே போதும் என்பதும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

மற்ற நாட்களில் குன்றுமேல் இருக்கிற பீர் தோட்டத்துக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். குழந்தைகள் ஊஞ்சல் ஆடும். பல இடங்களில் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாம். 1812இல் பவேரிய ராஜா, ப்ரூவரிக்காரர்கள் தோட்டத்தில் பீரும் ரொட்டியும் மட்டும் விற்கலாம் என்று உத்தரவு போட்டார். அன்றைக்குப் பிடித்த பழக்கம். நான் லெமன் சாதமும் முட்டையும் கொண்டுபோவேன். பக்கத்து மேசைப் பாட்டிகள் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அங்கே உட்காரும்போதுதான் நைனா நினைப்பு வரும். கடலிலிருந்து வந்த உடம்போடு ஒயின்ஷாப் பக்கத்துச் சந்தில் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்க்காமல் வந்து படுப்பார். எதைக் குடித்தார், அது என்ன ருசி, அவருக்கே தெரிந்திருக்காது. அவ்வளவு உழைத்த மனுஷனுக்கு உட்கார ஒரு பெஞ்சு இல்லை, எதிரில் பேச ஆள் இல்லை. குடித்ததற்காக நான் அவரை ரொம்ப நாள் வெறுத்தேன். இப்போது வெறுப்பு இல்லை, அந்தச் சந்தின்மேல்தான் கோபம். வாரக்கணக்கில் காத்திருந்து செய்த பீரை இங்கே ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒரு ஜாடியோடு வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. அம்மாவிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நான் சனிக்கிழமை மட்டும்தான், அதுவும் ஒன்று என்று தாராளமாகச் சொல்லலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷம் ஜூலை கடைசியில் நீ வர வேண்டும். பக்கத்து ஊரான ஃபோர்ஹைமில் அன்னம்மாள் திருநாளை ஒட்டி, காட்டுக்குள்ளே பீர் சுரங்கங்கள் வரிசையாக இருக்கிற இடத்தில் திருவிழா நடக்கும். மெஷின் ரூம் ஒன்றைக் காட்ட என் ஃபோர்மேனிடம் பேசி வைத்திருக்கிறேன், நீ வருகிறாய் என்றதும் அவருக்கு ஆர்வம். பாஸ்போர்ட்டுக்கு இப்போதே அப்ளை பண்ணு. விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதம் நான் அனுப்புகிறேன். டிக்கெட் என் பொறுப்பு. கறி, பால் சாமான் எதையும் இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள், ஆனால் மீன் இருபது கிலோ வரை கொண்டுவரலாம். நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ, வஞ்சிரக் கருவாடு அரைக் கிலோ, வாடை வராமல் மூன்று கவர் போட்டுக் கட்டி எடுத்து வா.

இப்படிக்கு,
உன் தம்பி