பேசாத படங்களைப் பேச்சு வகுப்புக்குத் தாருங்கள்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்குரிய 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே போய்விடுவதால், மனப்பாடப் பாடலைப் பிழையின்றி எழுதும் மாணவர்கூட நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தயங்குகிறார். உயர்தொழில்நுட்ப ஆய்வகமும் ஸ்மார்ட் வகுப்பறையும் உள்ள அரசுப் பள்ளிகளில், வசனமில்லாத அனிமேஷன் குறும்படங்களைக் கொண்டு இக்குறையைப் பெருமளவு போக்கலாம் என்பது ஆங்கில ஆசிரியனாகிய என் கருத்து.

வசனம் இருந்தால் அதைப் புரிந்துகொள்வதிலேயே பாடவேளை கழிந்துவிடும். பிக்சார் நிறுவனம் 2016இல் வெளியிட்ட, ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும் 'பைப்பர்' படத்தில், இரை தேடக் கடற்கரைக்கு வரும் உள்ளான் பறவைக் குஞ்சு அலையில் நனைந்து அஞ்சி ஒடுங்குகிறது. அவ்விடத்தில் படத்தை நிறுத்தி, இனி அது என்ன செய்யும் என்று கேட்டால் எதிர்கால வினைகளில் பேசியாக வேண்டும். ஓடும்போதே வருணிக்கச் சொன்னால் நிகழ்காலமும், முடிந்தபின் கதையாகக் கேட்டால் இறந்தகாலமும் தாமாகவே வந்து சேரும். இருவரில் ஒருவரைத் திரைக்கு முதுகு காட்டி அமரச் செய்து, நடப்பதை மற்றவர் அவருக்குச் சொல்லும் பயிற்சி இன்னும் பயனுள்ளது. கேட்பவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது என்பதால் சொல்பவருக்குப் பேச ஒரு தேவை பிறக்கிறது. (விடை தெரிந்த ஆசிரியரிடமே விடையை ஒப்பிப்பதுதானே நம் வகுப்புகளின் வழக்கம்!) பேச்சின் நடுவே பிழை திருத்தாமல், முடிந்தபின் ஓரிரண்டை மட்டும் சுட்டினால் போதும்.

ஆகவே வாரம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குமாறும், இணையமின்றி ஓடும் வகையில், உரிமையாளரின் அனுமதி பெற்ற படங்களைப் பள்ளிகளுக்கு அனுப்புமாறும் வேண்டுகிறேன். தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் பயிலும் மாணவர்களைக் கொண்டு நம் ஊர்ச் சந்தையும் பேருந்தும் வரும் படங்களையும் ஆக்கலாம்.

என் அச்சம் ஒன்றே. சுற்றறிக்கையோடு பயிற்சித்தாளையும் இணைத்துவிட்டால், படம் பார்த்து ஐந்து வினாவுக்கு விடை எழுதும் இன்னொரு எழுத்து வேலையாக இது மாறிவிடும். பயிற்சித்தாள் வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும்போது வகுப்பில் எழும் சத்தத்தை ஒழுங்கின்மை என்று குறிக்க வேண்டாமென, பார்வையிட வரும் அலுவலர்களுக்கும் அதே சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இங்ஙனம்,
அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர் ஒருவர்