பிரசவ அறையில் கண்ணியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை அதட்டுவதும் ஏளனமாகப் பேசுவதும் பணிச்சுமையின் விளைவு என்றே நெடுங்காலமாகப் பொறுத்துக்கொள்ளப்படுகின்றன. மருத்துவமனைப் பிரசவங்களில் நிகழும் இத்தகைய அவமதிப்பு பெண்களின் உரிமைகளை மீறுவதாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. அந்நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளோ, பெண் தான் விரும்பும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், பிறப்புறுப்பில் வெட்டுப் போடுவதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யக் கூடாது என்றும், குழந்தையை வெளியேற்ற வயிற்றை அழுத்தக் கூடாது என்றும் தெளிவாகவே கூறுகின்றன.

இவற்றுள் துணையை அனுமதிப்பதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை. படுக்கைகளுக்கிடையே மறைப்பு இருந்தால் பெரும்பாலும் போதும். தொடர்ந்து ஒருவர் உடனிருந்தால் இயல்பான பிரசவத்திற்கான வாய்ப்பு கூடுவதாகவும் வலி நேரம் சற்றுக் குறைவதாகவும் ஆய்வுகள் காட்டியிருந்தும், நெரிசலைக் காரணம் காட்டி உறவினரை வாசலிலேயே நிறுத்துவது வியப்பளிக்கிறது.

உள் பரிசோதனைக்கு முன் அதைப் பற்றி விளக்கி, இசைவு கேட்கச் சில நொடிகளே ஆகும். அதற்கும் நேரமில்லை என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அதே சமயம், ஒரே செவிலியர் பல பெண்களை ஒருசேரக் கவனிக்கும் நிலையில் கனிவை மட்டும் எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. ஆகவே போதிய பணியாளர்களை நியமிப்பதோடு, தாய்மார்கள் அச்சமின்றிப் புகார் அளிக்கும் ஏற்பாட்டையும் மருத்துவமனை நிர்வாகங்கள் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்