பாக்கெட் எண்ணெயும் பாடமாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெஸ்தாரி ஜெயாவில், பழைய பெயரில் சொன்னால் பத்தாங் பெர்ஜுந்தையில், இருபது வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். மகள் படிவம் ஆறில் வணிகம் படிக்கிறாள். போன மாதம் ஒரு கேஸ் ஸ்டடியைக் கல்லாப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். நானும் வாங்கிப் படித்தேன். அதை வைத்து உங்கள் மாணவர் பக்கத்துக்கு ஒரு யோசனை சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அது டைலனால் என்ற வலி மாத்திரை விவகாரம். 1982இல் அமெரிக்காவில் சிகாகோ வட்டாரக் கடைகளில் இருந்த புட்டிகளில் யாரோ சயனைடு கலந்துவிட, 7 பேர் இறந்துபோனார்கள். அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நாடு முழுவதிலிருந்தும் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. செலவு 10 கோடி டாலருக்கு மேல். அப்புறம், யாராவது கை வைத்திருந்தால் பார்த்ததும் தெரிகிற மாதிரி மூடி போட்டு மறுபடி விற்பனைக்கு வந்து, விட்ட இடத்தைப் பிடித்தது. கீழே கேள்வி: ‘நிறுவனத்தின் தீர்மானம் சரியா? காரணம் கூறுக.’

மகள் ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டாள். ஜெயித்த கதையை முழுக்கச் சொல்லிவிட்டுச் சரியா என்று கேட்டால் எந்தப் பிள்ளை தவறு என்று எழுதும்? அன்றைக்கு அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடை மீளுமா, மூழ்குமா என்று தெரியாது. தெரியாமலே செய்தார்கள், அதுதான் பெரிய விஷயம். பிள்ளைகளுக்கு அது மட்டும் கிடைக்காமல் போகிறது.

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். 2022 ஜூலை 1 முதல் மலேசியாவில் புட்டி எண்ணெய்க்கு அரசாங்க மானியம் நின்றது. ஒரு கிலோ பாக்கெட்டுக்கு மட்டும் 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு என்ற மானிய விலை தொடர்ந்தது. எல்லாரும் பாக்கெட்டுக்கு வந்துவிட்டார்கள். நாலு பக்கமும் செம்பனை நிற்கிற ஊரில் சமையல் எண்ணெய்க்கு அலைச்சல். ஒரு புதன்கிழமை எனக்கு வந்தது இரண்டே பெட்டி. பெட்டிக்கு 17, மொத்தம் 34 பாக்கெட்.

பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை, சாப்பாட்டுக் கடை அண்ணன் வந்து நின்றார். “தங்கச்சி, ரெண்டையும் எனக்கே கொடுத்துடு. கடையை மூடுற நிலைமையில இருக்கேன்” என்றார். விலையில் ஒரு காசு கூட்டித் தருவதாகவும் சொல்லவில்லை, குறைத்தும் கேட்கவில்லை. மாதம் 900 வெள்ளிக்கு அரிசி, பருப்பு எல்லாம் என்னிடம்தான் ரொக்கத்துக்கு எடுக்கிறார். அவரிடம் வேலை செய்கிற நாலு பெண்களும் தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள்.

இந்தப் பக்கம் நான் கடன் கணக்கு எழுதும் சின்ன 555 நோட்டு. அந்த மாதம் அதில் 41 வீடு. பக்கத்துக்கு ஒரு வீடு: ‘சீனி 1, சார்டின் டின் 1, எண்ணெய் 1’ என்று பென்சிலில் எழுதி, சம்பளம் போட்டதும் 7ஆம் தேதி கோடு கிழிப்போம். இரண்டு பக்கம் மூன்று மாதமாகக் கோடு கிழிக்காமல் கிடந்தது. 34 பாக்கெட்டை நோட்டு வீடுகளுக்கே கொடுத்தாலும் 7 வீட்டுக்கு இல்லை.

இதை மகளின் தோழர்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். பாக்கெட் எண்ணெய் வீட்டுச் சமையலுக்கென்று மானியம் கொடுத்தது, சாப்பாட்டுக் கடைக்குக் கொடுப்பதே பிசகு என்றான் ஒருவன். அந்த நாலு பெண்களின் வேலை போனால் அவர்கள் வீட்டுச் சமையலுக்கு வழி என்ன என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டாள். கடனே கட்டாத வீட்டுக்கும் பங்கு உண்டா என்றான் இன்னொருவன். ரொக்கக்காரர் போய்விட்டால் மறுமாதம் சரக்கு எடுக்கப் பணம் எங்கே, அப்போது 41 வீட்டுக்கும் கடன் கொடுப்பது யார் என்று கணக்குப் போட்டாள் என் மகள். எனக்கு அன்றைக்கு அவ்வளவு தூரம் யோசனை போகவில்லை. வியாபார உத்தி ஒரு அத்தியாயம், நெறிமுறை கடைசி அத்தியாயம் என்று புத்தகத்தில் பிரித்துவிட்டார்கள். என் கடை வாசலில் இரண்டும் சேர்ந்து ஒரே ஆளாகத்தான் வந்து நின்றன.

நம்மிடம் இப்படிப்பட்ட கதைக்குப் பஞ்சமா? சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். குடும்பம் குடும்பமாக வேலை போயிற்று. தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார். மரத்தில் பால் எடுத்தவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம்தான் முதலில் வாங்கியது. தோட்டமே நிலைக்குமா என்று தெரியாத நேரத்தில், தோட்டத்தை வாங்கப் பணம் கட்டுவது புத்தியா? பிள்ளைகளை அந்த இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும்.

கிட்டத்தில் நடந்ததும் உண்டு. 2020 ஜூலையில் நம் நாட்டு டாப் கிளவ் நிறுவனத்தின் கையுறைகளை, கட்டாய வேலை வாங்குவதாகச் சந்தேகப்பட்டு, அமெரிக்கா தடுத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்கு வரக் கொடுத்திருந்த ஆள்சேர்ப்புக் கட்டணத்தை, ஏறக்குறைய 136 மில்லியன் வெள்ளியை, நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கடனோடு கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இதை நம் பிள்ளைகள் படிக்காமல் வேறு யார் படிப்பது?

ஆசிரியர் அவர்களே, உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒன்று போடுங்கள். ஆள் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம், வரவு செலவுக் கணக்கு மட்டும் உண்மையாக இருக்கட்டும். தீர்மானம் எடுப்பதற்கு முதல் நாளோடு கதையை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளின் பதில் வந்த பிறகு, மறுவாரம் நடந்ததைச் சொல்லலாம்.

முதல் கதையாக என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடை அண்ணனிடம் சம்மதம் கேட்டுவிட்டேன். அந்த மாதத்துக் கணக்கைப் படி எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன், வீட்டுப் பெயர்களை மட்டும் மறைத்திருக்கிறேன். 34 பாக்கெட்டும் யார் யாருக்குப் போனது என்பது ஒட்டிய உறையில் தனியாக இருக்கிறது.

இப்படிக்கு,
மளிகைக் கடை வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.